பேட்ச் அடிப்பதற்குப் பெயர் பராமரிப்பா?

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிட்டார்கள். விடாமுயற்சி பற்றிய கட்டுரையில் அதை எழுதி மார்க்கும் வாங்கிவிட்டோம். ஆனால் அந்தக் கல்லின் பக்கம் நின்று யாராவது யோசித்தோமா? எறும்புக்கு அது முயற்சி. கல்லுக்கு அது தேய்மானம். இந்தப் பதிவு கல்லின் கட்சி.

விஷயம் இதுதான்: ஆலைகளில் குழாய், சூட், சைக்ளோன், ஃபேன் கேசிங் இவற்றின் உட்புறம் தேயாமல் இருக்க ஒட்டுகிற பீங்கான் ஓடு. அதாவது செராமிக் லைனிங். "மெக்கானிக்கல் பசங்க சமாச்சாரம், நமக்கென்ன" என்று ஓடிவிடாதீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள், வணிகவியல்காரர்கள், வழி தவறி இங்கே வந்தவர்கள், எல்லோருக்கும் இதில் சண்டை போட இடம் இருக்கிறது.

முதலில் நம் ஊரில் இருந்தே ஆரம்பிப்போம். ஆமத்தூரில் நின்றால் ஒரு பக்கம் சிவகாசி, பட்டாசு. மறுபக்கம் விருதுநகர். விருதுநகரைத் தாண்டி சாத்தூர் பக்கம் நாலுவழிச் சாலையில் போனால் இராமசாமிராஜா நகர், அங்கே சிமென்ட் ஆலை. மெட்ராஸ் சிமென்ட்ஸ் என்று 1960களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கி, இப்போது ராம்கோ சிமென்ட்ஸ் என்ற பெயரில் இயங்குவது. ஒரே மாவட்டத்தில் இரண்டு தொழில்கள். இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான்: மணல்.

பட்டாசு மருந்து கலக்கிற அறைக்குள் மணல் துகள் வரக் கூடாது. உரசினால் பற்றும். அதனால்தான் தரையில் ரப்பர் விரிப்பு, இரும்புக் கருவிக்குத் தடை, ஆணி அடித்த செருப்புக்குத் தடை, அறையைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்ற கட்டாயம். 2008 வெடிபொருள் விதிகளே இதைப் பேசுகின்றன. விதியை எல்லோரும் ஒழுங்காகப் பின்பற்றுகிறார்களா என்பது வேறு கதை. ஆனால் "ஒரு துகள் மணல் ஆளைக் கொல்லும்" என்ற அறிவு இந்த மண்ணில் படிக்காத பாட்டிக்கும் உண்டு.

இதே மாவட்டத்தில், இதே மாநிலத்தில், சிமென்ட் ஆலையிலோ அனல் மின் நிலையத்திலோ டன் டன்னாக மணல் ஒரு இரும்புக் குழாய்க்குள் சீறிக்கொண்டு போகும்போது மட்டும் நம் அறிவு எங்கே போகிறது? "தேயத்தான் செய்யும். ஓட்டை விழுந்தா ஒரு பேட்ச் அடிச்சுக்கலாம்." முடிந்தது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். தேய்மானம் தலைவிதி கிடையாது. எதை வாங்குவது என்று கையெழுத்துப் போட்ட அன்றே அது தீர்மானமாகிவிடுகிறது. அந்தக் கையெழுத்துக்கான விலையைக் கையெழுத்துப் போட்டவர் கொடுப்பதில்லை. வெல்டிங் ஹோல்டரைப் பிடித்துக்கொண்டு குழாய்க்குள் தவழ்கிறவர் கொடுக்கிறார்.

சரி, கொஞ்சம் கணக்கு.

தாதுக்களின் கடினத்தை அளக்க மோஸ் அளவுகோல் இருக்கிறது. வைரம் 10. கொரண்டம் 9. மணலின் முக்கியப் பொருளான குவார்ட்ஸ் 7. நாம் வாங்கிப் போடுகிற மைல்டு ஸ்டீல் 4-ஐ ஒட்டி. ஏழு வந்து நாலை உரசினால் யார் தேய்வார்கள்? இதற்கு எஞ்சினியரிங் டிகிரி வேண்டுமா? நம் பாட்டிகள் யாரும் இரும்பில் அம்மி செய்யவில்லை. அவர்களுக்கு இது தெரிந்திருந்தது. :-)

செராமிக் லைனிங்கில் பெரும்பாலும் இருப்பது அலுமினா. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். அதன் படிக வடிவம்தான் கொரண்டம். இந்தக் கொரண்டம் என்ற பெயர் எங்கிருந்து போனது தெரியுமா? நம்முடைய "குருந்தம்" என்ற சொல்லில் இருந்து என்றுதான் ஆங்கில அகராதிகள் சொல்கின்றன. சாணைக்கல்லுக்கு இந்தக் குருந்தக் கல்லைப் பொடித்து அரக்கில் குழைத்துப் பயன்படுத்திய ஊர் இது. உலகத்துக்கே பெயரைக் கொடுத்துவிட்டு, நாம் மைல்டு ஸ்டீல் தகட்டை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

அலுமினாப் பொடியை அச்சில் அழுத்தி, 1500 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சுட்டால் ஓடு கிடைக்கும். விக்கர்ஸ் அளவில் பார்த்தால் மைல்டு ஸ்டீல் 150-ஐ ஒட்டி நிற்கும். குவார்ட்ஸ் 1000-க்கு மேலே. நல்ல அலுமினா ஓடு குவார்ட்ஸுக்குச் சமமாகவோ அதற்கும் மேலாகவோ நிற்கும். இதில் முக்கியமான விஷயம் என்னவென்றால், கடினம் கூடக் கூடத் தேய்மானம் சீராகக் குறைவதில்லை. தேய்க்கிற துகளின் கடினத்தைத் தேய்கிற பரப்பு எட்டும் வரை குறைவு மெதுவாகத்தான் இருக்கும். அதைத் தாண்டியதும் தேய்மானம் சடாரென்று விழும். ஆகவே "கொஞ்சம் தடிமனான ஸ்டீல் போடுவோம்" என்பது தீர்வு ஆகாது. ஓட்டை விழும் தேதியைத் தள்ளி வைப்பது, அவ்வளவே.

அனல் மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம் வரை. அந்தச் சாம்பலில் குவார்ட்ஸ் தாராளம். தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் 1979 முதல் 1991 வரை நிறுவியது ஐந்து 210 மெகாவாட் அலகுகள். அந்த அளவுள்ள ஓர் அலகு இந்திய நிலக்கரியில் முழுத் திறனில் ஓடுவதாக வைத்துக்கொண்டு, யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்குச் சுமார் 3,500 டன் நிலக்கரி. 35 சதவீதம் சாம்பல் என்றால் 1,200 டன்னுக்கு மேல். ஒரே ஒரு நாளில், ஒரே ஒரு அலகின் வழியாக. எறும்பு ஊரக் கல் தேயும் என்றால், இது யானைக் கூட்டம்.

இன்னொன்று, வேகம். துகளின் வேகம் இரட்டிப்பானால் தேய்மானம் இரட்டிப்பாகாது. உலோகத்தில் 4 முதல் 6 மடங்கு வரை ஏறும். குழாயில் உற்பத்தியைக் கூட்ட ஃபேனைக் கொஞ்சம் முடுக்கிவிட்டு, "என்னப்பா பெண்டு இவ்வளவு சீக்கிரம் ஓட்டை ஆயிருச்சு" என்று வெல்டரைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்?

இப்போது அந்த வெல்டரிடம் வருவோம். பேட்ச் என்றால் என்ன? குழாயில் ஓட்டை. ஒரு தகட்டை வெட்டி, வளைத்து, மேலே வைத்து வெல்டு. உள்ளே என்ன ஆகிறது? தகட்டுக்கும் பழைய குழாய்க்கும் இடையே ஒரு குழி. காற்றோட்டம் அங்கே சுழல்கிறது. அடுத்த ஓட்டை பேட்சுக்குக் கொஞ்சம் கீழே விழுகிறது. அதற்கு ஒரு பேட்ச். கடைசியில் அது குழாயா, பேட்சுகளின் மாலையா என்று தெரியாது.

ஒவ்வொரு பேட்சுக்கும் ஒருவர் ஏற வேண்டும். உயரத்தில் சாரம். அல்லது சூட்டுக்குள், சைக்ளோனுக்குள் இறங்க வேண்டும். ஷட்டவுன் நேரம், "சீக்கிரம், சீக்கிரம்" என்று மேலே இருந்து குரல். உள்ளே சூடு, தூசி, வெல்டிங் புகை. மேலே சுவரில் ஒட்டியிருக்கிற பொருள் எப்போது சரியும் என்று யாருக்குத் தெரியும்? இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது நிரந்தரத் தொழிலாளி கூட இல்லை. கான்ட்ராக்ட் ஆள். நம் பக்கத்து ஊர்க்காரர். அவரை அந்த ஓட்டைக்கு அனுப்பாமல் இருக்க ஒரே வழி, ஓட்டை விழாமல் இருப்பது. ஹெல்மெட்டும் பெல்டும் அதற்கு அடுத்த நிலைதான்.

அரைத்த நிலக்கரிப் பொடி போகிற குழாயில் ஓட்டை என்றால் நிலைமை இன்னும் மோசம். கசிந்த பொடி ஓரிடத்தில் குவிந்தால் தானாகவே கனன்று பற்றும். காற்றில் மேகமாகப் பரவி நெருப்புக் கிடைத்தால் வெடிக்கும். பட்டாசு ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

சரி, எதிர்க்கட்சி என்ன சொல்கிறது என்றும் கேட்போம்.

"செராமிக் விலை அதிகம்." ஆமாம், அதிகம்தான். எதோடு ஒப்பிட்டு? கணக்குக்காக ஒரு சாதா பெண்டு 1 ரூபாய், ஆறு மாதம் வரும் என்று வைப்போம். செராமிக் ஒட்டிய பெண்டு 4 ரூபாய், நாலு வருடம் வரும். நாலு வருடத்தில் சாதா பெண்டு எட்டு வாங்க வேண்டும், எட்டு ரூபாய். இதில் பேட்ச் கூலி, ஷட்டவுன் நஷ்டம், சாரம், கிரேன் எதுவும் சேர்க்கவில்லை. இன்னொரு மறைமுகச் செலவும் இருக்கிறது. சிமென்ட் ஆலைகளில் பல குழாய்களில் காற்றை உள்ளிருந்து உறிஞ்சித்தான் இழுக்கிறார்கள். அதில் ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். வேண்டாத அந்தக் காற்றையும் சேர்த்து இழுக்க ஃபேன் கூடுதல் மின்சாரம் தின்னும். அந்தச் செலவு கரண்ட் பில்லில் ஒளிந்துகொள்வதால் யார் கண்ணிலும் படாது. இரண்டு ரூபாய்க்கு வாங்கிய செருப்பை இருபது தடவை தைத்துப் போடுகிறவனை நாம் சிக்கனக்காரன் என்றா சொல்கிறோம்?

"மாங்கனீஸ் ஸ்டீல் இருக்கிறதே." ஹாட்ஃபீல்டு 1882-ல் கண்டுபிடித்த அருமையான பொருள். ஆனால் அதன் குணம் தெரிய வேண்டும். பலமான அடி விழ விழத்தான் அது கெட்டியாகும். கல் உடைக்கும் கிரஷரில் ராஜா. பொடி மணல் வழுக்கிக்கொண்டு போகிற குழாயில் அடியே விழாது, அதனால் அது கெட்டியாவதும் இல்லை. பெயரைப் பார்த்து வாங்கினால் இப்படித்தான்.

"செராமிக் உடையும்." உண்மை. அதுதான் அதன் பலவீனம். அதை மறைக்கிறவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு, கீழே வருகிறேன்.

"வெளிநாட்டு இறக்குமதி." இது சுத்தப் பொய். சாணைப் பொருட்களுக்குப் பேர்போன முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் 1954-ல் சென்னையில் தொடங்கியது. அதன் தொழில்துறைச் செராமிக் ஆலை ஓசூரில் இருக்கிறது. பெல் நிறுவனத்தின் பெங்களூரு மின்பீங்கான் பிரிவு செராலின் என்ற பெயரில் தேய்மான ஓடுகள் செய்திருக்கிறது. நிலக்கரிக் குழாயின் வளைவுகளில் ஒட்டுவதற்கு என்றே. பொருள் பக்கத்திலேயே இருக்கிறது. வாங்க மனம்தான் இல்லை.

"டெண்டர் விதி அப்படி. எல்-1 தான் எடுக்க முடியும்." அரசு நிறுவனங்களில் இதுதான் கடைசி அஸ்திரம். கேட்டதும் நாமும் வாயை மூடிக்கொள்கிறோம். ஆனால் 1998-ல் வந்த தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். குறைந்த விலைப்புள்ளியை ஏற்கச் சொல்கிறது, சரி. எப்படிக் கண்டுபிடித்த குறைந்த விலை? டெண்டர் ஆவணத்தில் முன்கூட்டியே எழுதிய, அளந்து பார்க்கக் கூடிய அம்சங்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்று சொல்லி, அதன்படி கணக்கிட்ட குறைந்த விலை. அப்படியானால் "ஒரு வருட ஓட்டத்துக்கு ஆகும் செலவு" என்று ஒரு வரியை ஆவணத்தில் எழுதிவிட்டால் போதுமே! உழைக்கிற பொருள் எல்-1 ஆகிவிடும். சட்டம் யார் கையையும் கட்டவில்லை. அந்த ஒரு வரியை எழுதச் சோம்பல், எழுதினால் ஆடிட்டில் கேள்வி வருமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கான வட்டியை வெல்டர் கட்டுகிறார்.

தனியார் ஆலையில் சட்டம் இல்லை, பட்ஜெட் இருக்கிறது. புதிதாக வாங்குவது ஒரு கணக்கு, பராமரிப்பு வேறு கணக்கு. முதல் கணக்கில் மிச்சம் பிடித்தவருக்குப் பாராட்டு. இரண்டாவது கணக்கில் அந்த மிச்சம் பல மடங்காகக் கரையும்போது அவர் வேறு பிளான்ட்டுக்கு மாறியிருப்பார்.

இனி அடுத்த கட்சி. பளபளப்பான பிரோஷரோடு வந்து "சார், பத்து மடங்கு லைஃப்" என்கிறவர்கள். எதற்கு எதிராகப் பத்து மடங்கு? எந்தக் கோணத்தில்? எந்த வெப்பத்தில்? பதில் வராது.

1960-ல் ஐயன் ஃபின்னி என்ற ஆராய்ச்சியாளர் துகள் மோதும் கோணத்தைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. அதில் தொடங்கி வந்த ஆராய்ச்சிகள் சொல்வது எளிமையானது. இரும்பு போன்ற பொருள் 15 முதல் 30 டிகிரிச் சாய்வில் உரசும்போதுதான் அதிகம் தேயும். பீங்கான் போன்ற நொறுங்கும் பொருள் நேருக்கு நேர் 90 டிகிரியில் அடி வாங்கும்போது அதிகம் பெயரும். ஆக, மணல் வழுக்கிப் போகிற இடத்தில் செராமிக் ராஜா. உயரத்தில் இருந்து பாறாங்கல் பொத்தென்று விழுகிற இடத்தில் வெறும் ஓட்டை ஒட்டுவது பணத்தைக் கிணற்றில் போடுவது. அங்கே ரப்பருக்குள் பதித்த செராமிக் இருக்கிறது, குரோமியம் கார்பைடு தகடு இருக்கிறது. ஈரமான சாம்பல் குழம்பு போகும் குழாய்க்கு உருக்கி வார்த்த பசால்ட் கல் இருக்கிறது. இடத்துக்கு ஏற்ற பொருள்.

ஒட்டுவதிலும் அதே கதை. சாதாரண எபாக்சி பசை 150 டிகிரியை ஒட்டியே தளர ஆரம்பிக்கும். அதற்கு மேல் வெப்பம் என்றால் நடுவில் துளை வைத்த ஓட்டை உள்ளே வெல்டு செய்து, துளையை செராமிக் மூடியால் அடைக்க வேண்டும். தகட்டில் துருவை அகற்றாமல் ஒட்டினால் பசை துருவைத்தான் பிடிக்கும், தகட்டை அல்ல. ஓடுகளின் இடைவெளி பொருள் ஓடும் திசையில் ஒரே நேர்கோட்டில் இருந்தால் மணல் அந்தக் கோட்டைப் பிடித்து வாய்க்கால் வெட்டும். அதனால் செங்கல் சுவர் போல மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். ஓர் ஓடு பெயர்ந்தால் பக்கத்து ஓட்டின் விளிம்பு அடி வாங்கும், அப்புறம் வரிசையாகப் பெயரும். இப்படி அவசரத்தில் ஒட்டி, ஆறே மாதத்தில் ஓடு கொட்டி, "செராமிக் நம்ம ஊருக்குச் சரிப்படாது" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். குற்றவாளி ஓடா, ஒட்டியவிதமா என்று யாரும் விசாரிப்பதில்லை. பேட்ச் கட்சிக்கு இதைவிட நல்ல பிரசாரம் வேறு என்ன வேண்டும்?

நம் சிவகாசிக்கு இதில் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. பட்டாசில் வெள்ளை ஒளிக்கு அலுமினியப் பொடி போடுகிறோம். அது எரிந்தால் வருவது என்ன? அலுமினா! தீபாவளி ராத்திரி நம் தலைக்கு மேல் மிதக்கிற வெள்ளைப் புகையில் இந்தப் பதிவின் கதாநாயகனும் இருக்கிறார். அதே அலுமினியப் பொடியை இரும்பு ஆக்சைடோடு கலந்து, இரும்புக் குழாய்க்குள் போட்டு, குழாயை வேகமாகச் சுழற்றிப் பற்றவைக்கும் முறையை ஜப்பானில் ஒசாமு ஒடவாரா உருவாக்கினார். வெப்பம் 2000 டிகிரியைத் தாண்டும். உருகிய இரும்பு கனமானது, வெளிப்பக்கம் போய் ஒட்டும். லேசான அலுமினா உள்பக்கம் படலமாக உறையும். சில நொடிகளில் செராமிக் பூசிய குழாய் ரெடி. நாம் வானத்தில் வெடித்துக் கைதட்டிய வேதியியலைக் குழாய்க்குள் சுழற்றி அவர்கள் தொழிலாக்கிவிட்டார்கள். அலுமினியப் பொடியோடு பல தலைமுறை பழகிய இந்த வட்டாரத்தில் இதை ஏன் ஒரு புராஜெக்டாகக் கூட யாரும் எடுப்பதில்லை என்பது என் வயிற்றெரிச்சல். (வீட்டு மொட்டைமாடியில் முயற்சி செய்யாதீர்கள். சீரியஸாகச் சொல்கிறேன்.)

வகுப்பறைக்கும் இதில் பங்கு உண்டு. உடைவதைப் பற்றி நமக்குப் பக்கம் பக்கமாகப் பாடம். தேய்வதைப் பற்றி ஓரிரு பத்தி. உடைந்தால் செய்தி, தேய்ந்தால் யார் எழுதுவார்கள்? 1966-ல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. உராய்வையும் தேய்வையும் ஒழுங்காகக் கையாண்டால் அந்த நாடு வருடத்துக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்று சொன்னது. டிரைபாலஜி என்ற துறைப் பெயரே அப்போது பிறந்ததுதான். 2017-ல் ஹோம்பெர்க், எர்டெமிர் இருவரும் போட்ட கணக்கில், உலகம் செலவிடும் ஆற்றலில் சுமார் 23 சதவீதம் உராய்வுக்கும் தேய்வுக்கும் போகிறது. அதில் 3 சதவீதம் தேய்ந்ததைத் திரும்பச் செய்து மாட்டுவதற்கு மட்டும். நாம் அதை மெயின்டனன்ஸ் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

வெறுமனே திட்டிவிட்டுப் போகக் கூடாது. நான் கேட்பது நான்கு.

ஒன்று, ஒவ்வொரு ஆலையிலும் தேய்மானப் பதிவேடு. எந்த இடம், எத்தனை மில்லிமீட்டர், எந்தத் தேதி. குழாயை வெட்டாமலே தடிமன் பார்க்க அல்ட்ராசானிக் கருவி கையடக்கமாகக் கிடைக்கிறது. இரண்டு, டெண்டரில் ஒரு வருட ஓட்டச் செலவு என்ற அந்த ஒரு வரி. மூன்று, ஒரே இடத்தில் மூன்றாவது பேட்ச் விழுந்தால், நாலாவது பேட்சுக்கு அனுமதி கிடையாது. வடிவத்தையோ பொருளையோ மாற்றியே ஆக வேண்டும். நான்கு, புராஜெக்ட் தேடி அலைகிற நம் ஃபைனல் இயர் மக்கள், மதுரையில் ரெடிமேடாக வாங்கி வருவதற்குப் பதில், பக்கத்து ஆலையில் ஒரே ஒரு பெண்டின் தேய்மானத்தை ஆறு மாதம் அளந்து எழுதட்டும். அந்தப் பத்துப் பக்கம் யாருக்காவது உபயோகப்படும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். நாலாவது பேட்சுக்குச் சாரத்தில் ஏறப்போகிறவர் நமக்குத் தெரிந்த ஒருவராக இருக்க ரொம்பவே வாய்ப்பு இருக்கிறது. பெயிண்ட் அடித்து மறைத்த பேட்சைப் பார்த்து "நல்ல பராமரிப்பு" என்று அடுத்த தடவை யாராவது சொன்னால், எத்தனையாவது பேட்ச் என்று மட்டும் கேளுங்கள். பதில் தெரியாமல் முழித்தால், பதிவேடு அங்கே இல்லை என்று அர்த்தம்.